லைன் கிளியர்

எட்டரைக்குப் போன கரண்டு.
இருட்டைக் கண் பழகும் முன்னே
காது சொல்லிவிட்டது:
கொட்டகை முழுக்கப் பரவியிருந்த கீச்சொலி
ஒரே மூலைக்கு நகர்கிறது.

நானூற்றுப் பன்னிரண்டு காடைக்குஞ்சு.
அட்டைப்பெட்டியில் ஓசூரிலிருந்து வந்து
மூன்றே நாள்.
உள்ளங்கையில் வைத்தால் எடை தெரியாது,
துடிப்பு மட்டும் தெரியும்.
தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் பரப்பியிருக்கிறேன்,
விரல்கடை ஆழத்தில் மூழ்கிச் சாகிற ஜாதி.
குளிர்ந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்.
அடியில் இருப்பது நசுங்கும்.
கெலமங்கலத்துக் கார்த்திகைக் குளிரோ
கம்பளிக்குள்ளேயே கை நீட்டும்.

போன் போட்டேன்.
"யானை" என்றான் திம்மராயன்.
ராகிக்கு வந்த கூட்டம்
ஏரிக்கரைக் கம்பத்தைச் சாய்த்துவிட்டதாம்.
"லைன் கிளியர் வாங்கியாச்சு. ஏறப்போறேன். வைக்கட்டா?"
வைத்துவிட்டான்.
குஞ்சைப் பற்றி நான் சொல்லவில்லை.

மற்ற நாளில் கரண்டு போனால்
ஊரோடு சேர்ந்து நானும் ஈபியைத் திட்டுவேன்,
அவன் எதிரில் களி தின்றுகொண்டிருந்தாலும் திட்டுவேன்.
இன்றைக்கு நாக்கு எழவில்லை.
வராதே, வராதே என்று
பல்பைப் பார்த்துச் சொன்னேன்.
தடுப்புக்குள் குனிந்தபோது
வந்துவிடு என்றும் சொன்னேன்.

ரோஜாக் குடில் சூப்பர்வைசர் பைரேஷ்
டார்ச்சோடு வந்தான், நல்ல பையன்.
"அக்கா, எங்க ஜெனரேட்டர் ஓடுது.
ஒயர் இழுத்து உங்க வீட்டு ப்ளக்குல சொருகிட்டாப் போதும்."
அந்த ப்ளக்கின் இன்னொரு முனையில்
அவன் தொங்கிக்கொண்டிருக்கிறான்.
"மெயினை அணைச்சிட்டுத்தான்க்கா."
போன ஆனியில் சீனப்பாவைக் கம்பத்திலிருந்து இறக்கியபோதும்
கல்யாண மண்டபத்துக்காரன் அதைத்தான் சொன்னான்,
அணைச்சிட்டுத்தாண்ணா போட்டேன், அணைச்சிட்டுத்தான்.
வேண்டாம்ப்பா, போ என்றேன்.
போனபிறகும் மெயினைத் தொட்டுப் பார்த்தேன்,
நான்கு தடவை.

கரிச்சட்டி வைக்கலாம்.
மூடிய கொட்டகையில் அதன் நச்சுக்காற்று
குளிரை முந்திக்கொள்ளும்.
விறகடுப்பில் அண்டா ஏற்றினேன்.
ஒயின்ஷாப் பின்னாலிருந்து
விதைப்புட்டிக்கென்று பொறுக்கி வைத்த குவார்ட்டர் பாட்டில்கள்,
இருபத்தாறு.
வெந்நீர் ஊற்றி, மூடி திருகி,
அவனுடைய பழைய காக்கிச் சட்டைகளைக் கிழித்துச் சுற்றி
உமிமேல் படுக்கவைத்தேன்.
தடுப்பைச் சுற்றிச் சாக்கு. மேலே போர்வை,
மூச்சுவிட ஒரு சாண் திறப்பு.

குஞ்சுகள் காக்கியோடு ஒட்டிக்கொண்டன.
குவிகிற இடத்தில் கைவிட்டுக் கலைத்தேன்.
மறுபடி குவிந்தன.
மறுபடி கலைத்தேன்.
பாட்டில் ஆறும்,
அதற்குள் அடுத்த அண்டா கொதிக்க வேண்டும்.
அடுப்புக்கும் கொட்டகைக்கும் நடுவே இருபது எட்டு.
வெளியே தூறல்.
அவன் மேலும் இதே தூறல்.
ஈரக் கம்பத்தில் ஏறுபூட்ஸ் வழுக்குமா என்று
ஒருநாளும் நான் கேட்டதில்லை.

இரண்டு இருபதுக்குப் பல்பு எரிந்தது.

குனியவில்லை. போனை எடுத்தேன்.
மணி போகிறது, போகிறது,
எடுப்பார் இல்லை.
லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தது யார்?
கொடுத்தபோது
அவன் தரையில்தான் நின்றானா?
பின்னால் நானூறு குஞ்சு கத்துகிறது,
எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது தடவை எடுத்தான்.
வாயில் ஏதோ மெல்லுகிறான்.
"வந்துச்சா?"
"வந்துச்சு."
"குஞ்சு?"
அப்போதுதான் எண்ணினேன்.
"பதினொண்ணு போச்சு."
கொஞ்ச நேரம் மெல்லுகிற சத்தம் இல்லை.
"வோல்டேஜ் ஏறியிருக்கும்.
பல்பை ஒரு சாண் தூக்கிக் கட்டு."

தூக்கிக் கட்டினேன்.
காக்கியை விட்டு ஒவ்வொன்றாய் விலகி
உமியெங்கும் பரவின.
ஒன்று மட்டும் கிழியாத சட்டைப்பை ஒன்றுக்குள்
தலையை நுழைத்துத் தூங்குகிறது.
இழுத்துவிடவில்லை.