பொட்டுக்கடலை இல்லாமல்

மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி ஒன்று.
லேப் சீட்டை மடித்து
உப்பு ஜாடிக்கடியில் வைத்தாள் உமையாள்.
"கல்லுக்கட்டியில புதுசா பர்கர் கடை," என்றாள்.
"காரைக்குடியே அங்கதான் நிக்குதாம்."
வேண்டுமென்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் கடை திறக்கவில்லை.
அரைக்கிலோ கொத்துக்கறி,
சோம்பு, கசகசா, வரமிளகாய்.
கோலா உருண்டைக்கு அரைப்பதுதான்;
பொட்டுக்கடலை டப்பாவரை போன கை
திரும்பி வந்து ஒரு முட்டையை உடைத்தது.
உருண்டையின் தலையில் ஒரு தட்டு,
பர்கர்.
இதற்கா அங்கே நூற்றெண்பது ரூபாய்?

பன்னுக்குப் பதில் முட்டைக்கோஸ் இலை.
வெந்நீரில் போட்டால் துவள்கிறது,
போடாவிட்டால் முறிகிறது.
ஏழாவது இலைதான் சொன்னபடி கேட்டது.

முதல் கடியிலேயே சாறு
உள்ளங்கை வழியே இறங்கி
வளையலில் நின்றது.
"இத பர்கர்னு மட்டும் சொல்லாதீங்க."
வேறு பேரும் சொல்லாமல்
இன்னொன்று எடுத்தாள்.

இரவு பத்தரைக்கு
எனக்கென்று வாங்கிய பன் பாக்கெட்டைத் தேடினேன்.
பிரித்திருந்தது.
ஆறில் ஐந்து.
கூடத்தில் டிவி சத்தம் திடீரென்று குறைந்தது.
எண்ணத் தெரியாதவன்போல
ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி
அதே இடத்தில் வைத்தேன்.