பச்சைத் துணிக்குள் ஒரு கடிகாரம்

ஹகோதாதே டிராமில்
மடியில் மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன்.
பச்சை ஃபுரோஷிகி, வெள்ளைக் கொடிச்சுருள்கள்.
படக்கதைத் திருடர்கள் தோளில் போட்டு
மதிலேறிக் குதிப்பார்களே, அதே துணி.
கடையில் அதுதான் மலிவாகக் கிடைத்தது.

உள்ளே இருப்பது
நெமோத்தோ வீட்டுச் சுவர்க்கடிகாரம்.
பதினோரு நாள் என் மேசைமேல்
குடல் திறந்து கிடந்தது.
இப்போது சுகம்.

சதுரத்துக்கு எதிரெதிர் மூலைகள் இரண்டு ஜோடி.
ஒரு ஜோடி பொருளை அமுக்கும்,
மற்றது தூக்கும்.
தர்பூசணிக்கும் இதேதான், பிள்ளையின் முறிந்த கைக்கும் இதேதான்.
இரண்டு சாக்கே பாட்டில்களை
நடுவில் ஒரு மடிப்பு விட்டுச் சுருட்டினால்
சண்டைபோட்ட அக்கா தங்கைபோல்
முகம் திருப்பிக்கொண்டே கூட வரும்.
முடிச்சு மட்டும் பிசகக் கூடாது.
பிசகினால் வெங்காயம் படிக்கட்டில் உருளும்.
எனக்கு உருண்டிருக்கிறது.

ஜூஜிகாய் நிறுத்தம் தாண்டும்போது
மூட்டை பத்து முறை அடித்தது.
மணி நாலேகால்.

எதிர் இருக்கைப் பள்ளிப் பையன் கேட்டான்:
"உள்ளே உயிரோட ஏதாவது இருக்கா?"
"இருக்கு."
"என்ன சாப்பிடும்?"
"வாரத்துக்கு ஒருதரம் சாவி."

கதவருகே நின்ற போலீஸ்காரர்
துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி துணியை.
நான் ரசீதைத் தேட ஆரம்பித்தேன்.

நெமோத்தோ சாயோகோ கதவைத் திறந்தார்.
"அடிக்குதா இது?" முகம் சுருங்கிவிட்டது.
"அடிக்காம பண்ணத்தானே கொடுத்தேன்."
ரசீதில் என் கையெழுத்து:
மணியைச் சரிசெய்ய வேண்டும்.
எந்த மணி என்று நானும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

ராத்திரி பன்னிரண்டு
ஒருத்தி மட்டும் கேட்பதற்கு ரொம்ப நீளம் என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
செருப்பலமாரியில் ஆண் செருப்பு இல்லை.

மேசை இழுப்பறையிலிருந்து
உள்ளங்கை அகலத்தில் ஒரு துணி வந்தது,
உலர்ந்த பிளம் நிறம்.
கல்யாண மொய்யை ஒருமுறை சுற்றிக் கொடுத்தது,
பிறகு வேலையில்லை என்றார்.
எட்டாக மடித்து, கட்டைவிரல் அளவாக்கி,
சுத்தியலின் தலையில் கட்டினேன்,
ஒற்றைத் தலைவலிக்காரருக்குக் கட்டுவதுபோல.
அடிக்கும் எண்ணிக்கையையும் திருத்தினேன்.

ஐந்துக்காக இருவரும் நின்றபடி காத்திருந்தோம்.
தொப்.
தொப்.
மூன்று வீடு தள்ளி யாரோ
வெயிலில் மெத்தை தட்டுகிறார்கள்.
ஐந்தாவது தட்டலுக்குப் பிறகும்
அவர் தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.
"தூங்கினா எழுப்பாது," என்றார்.
"முழிச்சிருந்தா தெரியும்."

திரும்பும்போது பச்சைத் துணிக்குள்
ஒன்பது உருளைக்கிழங்கு, காய்ந்த கணவாய் ஒரு கட்டு.
டிராம் கிளம்பிய பிறகுதான் உறைத்தது,
கூலி வாங்கவில்லை.
கணவாய் வாசம் பெட்டி முழுக்கப் பரவியது.
யாரும் எதுவும் கேட்கவில்லை.