இடது பின்கதவு

ஓடியது முப்பத்தொரு கிலோமீட்டர்.
இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூட உரிக்கப்படவில்லை.
"புது வண்டிக்கு என்ன வேலை இருக்கப்போகிறது, கெர்த்து?"
என்றார் வெய்யோ, கையுறையைக் கழற்றாமலே.
ஒவுலுவில், அட்டை ஆலையில் இரவு ஷிப்ட்.
பதினோரு வருடம் பழைய வேனில் போய் வந்தவர்.

நான் பதில் சொல்லவில்லை.
டியூப் லைட்டை அணைத்து
கைவிளக்கைப் பானெட்டின்மேல் சாய்த்தேன்.
கறுப்பு வாயைத் திறந்தது.

சுழிகள். சுழிக்குள் சுழிகள்.
விளக்கை நகர்த்தினால் கூடவே நகரும் வலை.
ஒப்படைக்கும் காலையில் ஷோரூம் பையன் யாரோ
ஒரே வாளி, ஒரே துணி,
மணல் இருப்பது தெரியாமல்
பளபளக்க வேண்டுமே என்று துடைத்திருக்கிறான்.
கெட்ட எண்ணத்தில் விழுந்த கீறல்
ஒன்றுகூட இதில் இல்லை.

வெய்யோ இப்போது கையுறையைக் கழற்றினார்.

அவர் போன பிறகு கழுவினேன்.
கப்பலும் ரயிலும் தூவி அனுப்பிய இரும்புத்தூள்
மருந்து பட்டதும்
கத்தரிப்பூ நிறத்தில் வடிந்தது.
களிமண்ணைப் பிசைந்து தேய்த்தேன்,
உள்ளங்கைக்குக் கண்ணாடி வழுக்கும்வரை.

பிறகு அளவுமானி.
மொத்தப் பெயின்டே ஒரு தலைமயிர் தடிமன்தான்.
கூரை: நூற்றுப் பன்னிரண்டு மைக்ரான்.
வலது கதவுகள்: நூற்றெட்டு, நூற்றுப் பத்து.
இடது முன்கதவு: நூற்றொன்பது.
இடது பின்கதவு: இருநூற்று அறுபது.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன்.
இருநூற்று அறுபத்து நான்கு.

ஆக, தொழிற்சாலைக்கும் ஷோரூமுக்கும் நடுவில்
எங்கோ ஓர் இடி.
எங்கோ ஓர் இரவு, ஒரு ஸ்ப்ரே துப்பாக்கி.
செய்தவன் கைகாரன்.
நிறத்தில் நூலளவு பிசகில்லை.

என் பில்லில் இருப்பது
திருத்தம், இரண்டு சுற்று; செராமிக், ஒரு பூச்சு.
கண்டுபிடித்ததைச் சொல்வதற்கு
அதில் வரி கிடையாது.

இயந்திரத்தை ஓட்டினேன்.
எல்லோரும் நினைப்பதுபோல
கீறலை யாரும் நிரப்புவதில்லை.
பள்ளம் எவ்வளவோ அவ்வளவுக்கு
சுற்றியுள்ள மேட்டையெல்லாம் இறக்குகிறோம்.
இரண்டு மைக்ரான், மூன்று.
போனது போனதுதான்,
மிஞ்சியதைச் சமமாக்கிக்
குறையே இல்லை என்கிறோம்.

இரவு இரண்டு மணிக்கு ஆலைக்குப் போன் செய்தேன்.
அவர் குரலுக்குப் பின்னால் உருளைகளின் இரைச்சல்.
எண்ணைச் சொன்னேன்.
இரைச்சல் மட்டும் கேட்டது, வெகுநேரம்.
எங்கள் ஊரில் மௌனமும் பேச்சில் சேர்த்திதான்,
ஆனால் இது எந்த வகை என்று
எனக்குப் பிடிபடவில்லை.
"முடித்துவை," என்றார். வைத்துவிட்டார்.

கதவு கதவாகச் செராமிக் பூசினேன்,
கைக்குட்டை அகலம் ஒரு நேரத்துக்கு.
வானவில் எழும்பும், எண்ணிக் காத்திருந்து
அது மங்கும் கணத்தில் துடைக்க வேண்டும்.
முந்தினால் ஒட்டாது.
பிந்தினால் கறை.

திங்கட்கிழமை வந்தார்.
வண்டியைப் பார்க்கவில்லை, நேரே இடது பக்கம் போனார்.
குந்தி உட்கார்ந்தார். விரலால் தொடப்போய்
தொடலாமா என்று என்னைப் பார்த்தார்.
முன்கதவு, பின்கதவு, மறுபடி முன்கதவு.
இரண்டிலும் அதே அவர்,
இரண்டிலும் அதே ஏப்ரல் வெளிச்சம்.

"நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது."

நன்றியா, குற்றச்சாட்டா?
இரண்டு வாரமாகியும் என்னால் பிரிக்க முடியவில்லை.
அதற்கு அளவுமானி இல்லை.

பில்லில் அந்த எண்ணை எழுதச் சொன்னார்.
ஷோரூமில் காட்டவா என்றேன்.
"தெரியாது. எழுது."
எழுதினேன், தேதி போட்டு.

சாலையில் குளிர்காலச் சரளை இன்னும் அள்ளப்படவில்லை.
முன்னால் ஒரு லாரி, தார்ப்பாய் போடாமல்.
அவர் வெகுதூரம் பின்தங்கி
நடைவேகத்தில் போவதைப் பார்த்தேன்,
திருப்பம் வரைக்கும்.

கதவை இறக்கினேன்.
வாசலில் என் வண்டி. வெள்ளை.
போன நவம்பரில் கழுவியது.