மைனஸ் பத்து

எர்மோசியோவில் ஆகஸ்ட்.
மருந்துக்கடை வாசல் பலகையில் நாற்பத்தாறு.
நிவார்டோவின் ஜெட்டாவுக்கு மட்டும்
பனி பெய்துகொண்டிருக்கிறது.

ஐந்து பெசோவுக்கு ஆறு ரெசிஸ்டர்.
பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு,
ஓரத்தில் ஒரு கோடு தங்கம்.
காற்றுக் குழாயில் சூடு பார்க்கிற சென்சாரின்
பிளக்கைப் பிடுங்கி
அதன் இரண்டு துளைகளில்
இதன் இரண்டு கால்களை நுழைத்தான்.
கறுப்பு டேப் இரண்டு சுற்று.
அவ்வளவுதான்.

முழுப் பூசணிக்காயைச்
சோற்றில் மறைப்பவர்கள் உண்டு.
இவன்
ஒரு சோற்றுப் பருக்கைக்குள்
சோனோராப் பாலைவனத்தையே மறைத்துவிட்டான்.

"குளிர்ந்த காற்று கனமானது, கசில்டா.
கனமான காற்றென்றால் கூடுதல் பெட்ரோல்.
கூடுதல் பெட்ரோல் என்றால்..."
மிச்சத்தைக் கைகளால் சொன்னான்.
காற்று கனக்கவில்லையே என்றேன்.
அது காருக்குத் தெரியாது என்றான்.

கீனோ விரிகுடாவுக்குப் போகும் சாலையில்
கோழிப்பண்ணைக்கும்
மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடுவே
வளைவே இல்லாத ஒரு துண்டு.
இரவு பதினோரு மணி. அப்போதும் முப்பத்தேழு.
அவன் ஆக்ஸிலரேட்டர், நான் ஸ்டாப்வாட்ச்.
நின்ற இடத்திலிருந்து நூறு வரை.

ரெசிஸ்டர் இல்லாமல்
பதினொன்று புள்ளி நான்கு.
ரெசிஸ்டரோடு
பதினொன்று புள்ளி நான்கு.

போன் வெளிச்சம் என் முகத்தில் மட்டும் விழுந்தது.
எவ்வளவு, எவ்வளவு என்றான்.
மூன்று வாரமாகப் பேக்கரியில் இரட்டை ஷிப்ட்;
காதுமடலில் இன்னும் மாவு.
"பதினொன்று" என்றேன்.
நாக்கூசவில்லை.
அவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.
இருட்டில் எங்கோ ஒரு நாய் பதில் சொன்னது.

அதற்குப் பிறகு எட்டு இரவுகள்
நான் சொல்லச் சொல்லக் கார் வேகமெடுத்தது.
பத்து புள்ளி ஒன்பது.
பத்து புள்ளி ஏழு.
அவசரப்படாமல் குறைத்தேன்.
நல்ல பொய்க்குத் தசமப்புள்ளி வேண்டும்.
பிறந்தநாளன்று மட்டும்
கொஞ்சம் தாராளமாக: பத்து புள்ளி இரண்டு.

டேங்க் வியாழக்கிழமையே காலியாகத் தொடங்கியது.
துணிக்கொடியில் என் பாவாடைகள்
பங்க்கில் வேலை செய்பவளுடையவை போல நாறின.
ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி.
"பலத்தின் நிறம்" என்று துடைத்து மாட்டினான்.

ஒன்பதாம் இரவு
திரும்பும் வழியில் பாலத்து ஏற்றத்தில்
எஞ்சினுக்குள்ளிருந்து
தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குகிற சத்தம்.
காலை எடுத்தான். நின்றது.
மீண்டும் மிதித்தான்.
மீண்டும் கூழாங்கல்.
பனியை நம்பி
நெருப்பை முன்கூட்டியே மூட்டிவிட்டது, பாவம்.

ஓரம்கட்டினான்.
லாரிகள் எங்களை உலுக்கிவிட்டுப் போயின.
சொன்னேன்:
எல்லா இரவும் பதினொன்று புள்ளி நான்கு.
நேற்று ஆறு.

"தெரியும்."

எப்படி?

"நூறைத் தொடும்போதெல்லாம் அதே மின்கம்பம்.
ஐந்தாவது. அடியில் பழைய டயர் கிடக்குமே."

பின்னே ஏன் கேட்டுக்கொண்டே இருந்தாய்?

பானட்டைத் திறக்கப் போனவன்
திரும்பாமல் சொன்னான்:
"நீ சொல்கிற விதம் நன்றாக இருந்தது."

வெளிச்சம் பிடித்தேன்.
டேப் உருகி அவன் விரலோடு வந்தது.
கெட்ட வார்த்தை ஒன்று, என்மேல் இல்லை,
குழாய்மேல்.
சென்சாரைத் திரும்ப மாட்டிச் சாவியைத் திருப்பியதும்
ஜெட்டா ஒருமுறை திக்கியது.
யாரோ அதனிடம் ஆகஸ்ட் என்று சொல்லியிருக்க வேண்டும்.

மீதி ஐந்து ரெசிஸ்டர்கள்
சில்லறைத் தட்டில் கிடந்தன.
போன வாரம் சுங்கச்சாவடியில்
நாணயங்களோடு நாணயமாக
ஒன்றும் போய்விட்டது.
அந்தப் பெண் எண்ணிப் பார்க்கவில்லை.
தடுப்புக்கட்டை
தூக்கிக்கொண்டது.