காற்று விழுந்த இடம்

முப்பத்தோராம் நாள்,
நீரோடிக்குப் பதினொரு மைல் வெளியே
காற்று விழுந்தது.
பேசிக்கொண்டே இருந்த ஆள்
பாதி வாக்கியத்தில் தூங்கிப்போவதுபோல.

வடமேற்கே விழிஞ்ஞம் விளக்கு.
தென்கிழக்கே முட்டம்.
ஒன்று வீசி மறைவதற்குள் மற்றது வீசுகிறது.
நடுவில் என் இருபத்தேழு அடி
பாயைத் தொங்கப் போட்டுக்கொண்டு
நிற்கிறது.

நிற்கிறது என்பதும் பொய்.
நீவாடு இழுக்கிறது.
கைபேசியில் ஒரு கட்டம் சிக்னல்:
மலையாளத்தில் ஒரு ரீசார்ஜ் விளம்பரம்,
அரைமணி கழித்து அதே விளம்பரம் தமிழில்,
விடிவதற்குள் மறுபடி மலையாளம்.
எல்லைக்கல் இங்கே மிதக்கிறது போல.

மொரீஷியஸில் ஏற்றியது நாற்பது எலுமிச்சை.
மீதி இரண்டு, தோல் பாக்குபோல.
எட்டு டிகிரி தெற்கில் ஓர் இரவு
அலை உள்ளே வந்து
அடுப்பைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் போனது.
பயப்படவில்லை என்று சொல்லமாட்டேன்.
ஆனால் கைக்கு வேலை இருந்தது:
இறை, கட்டு, இழு, அவிழ்.
இங்கே வேலையில்லாத கை
மடியில் கிடந்து என்னையே பார்க்கிறது.

விடியலில் அகத்தியர் மலை.
தொலைநோக்கியில் தேங்காய் நார்போல ஒரு கரை.
மலைமுனையும் கோயில் கோபுரமும் ஒரே நேரில் வந்தால்
அதுதான் எங்கள் துறைக்குக் கணிச்சம்.
இன்னும் இரண்டு விரற்கடை விலகி நிற்கிறது.

ஏழு மணிக்குத் தூத்தூர் விசைப்படகு ஒன்று
வழி மாறி என் பக்கம் வந்தது.
அணியத்தில் கிளீட்டஸ்.
"எடி பெல்சி, கயிறு போடட்டா?
ரெண்டு மணிக்கூர்ல கரை."

வேண்டாம் என்றேன்.
எஞ்சினை அணைக்கச் சொன்னான்.
கரையில் யாரும் என்னிடம் கேட்காததை
சத்தம் செத்த அந்தத் தண்ணீரில் கேட்டான்:
"ஷிபினைக் கண்டியா?"

ஒக்கியில் போன என் தம்பி.
ஒரு பெண் தனியாகக் கடலுக்குப் போக
கரைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.
அவனைத் தேடித்தான் என்று அவர்களே தீர்மானித்து
அவர்களே அழுது
அன்பியம் அன்பியமாகப் பிரித்தும் கொடுத்தார்கள்.
நான் ஆமென்று சொல்லவில்லை.
இல்லையென்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் பாய்க்குப் பணம் சேர்ந்திருக்காது.

இதோ, அந்தப் பாய்தான்
என் தலைக்குமேல் தொங்குகிறது.

"தேடல, கிளீட்டசே.
எனக்குப் போகணும்னு இருந்துது.
போனேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை.
பாயைப் பார்த்தான், தையல் தையலாக.
அவன் வீட்டிலிருந்தும் ஐயாயிரம் வந்திருந்தது.

பிறகு உள்ளே போய்
ஒரு எவர்சில்வர் தூக்கைக் கயிற்றில் இறக்கினான்.
சூரைக் கறி, அடியில் மரச்சீனி.
"தூக்கு பிரிஜித்தாளுக்குள்ளது.
திருப்பிக் குடுக்கணும்."
எஞ்சின் பிடித்தது.
"கச்சான் நாலு மணிக்கு எழும்பும்" என்றதுபோல் கேட்டது.

நாலுக்கு எழும்பவில்லை.
நாலரைக்கும் இல்லை.
தூக்கைக் கடல்தண்ணீரில் தேய்த்து,
கடைசிக் குவளை நல்ல தண்ணீரில் அலசி,
மூடியைச் சாய்த்துவைத்தேன்.

ஐந்தே காலுக்கு
முதலில் அந்த மூடி
கிணுங்கியது.
பாய் பிறகுதான்.