விருசுழிக்கு வரும் வழி

ஜெயசீலி அவர்களுக்கு,
முக்கொம்பிலிருந்து மாற்றலாகி வருகிறீர்களாம்.
இரவெல்லாம் மதகு இரையும் சத்தத்தில் தூங்கிப் பழகியவருக்கு
இங்கே முதல் வாரம் உறக்கம் பிடிக்காது.
முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

திருச்சியிலிருந்து பாசஞ்சர் ரயில்.
காரைக்குடியில் பாதிப் பெட்டி காலியாகும்,
நீங்கள் இறங்க வேண்டாம்.
அடுத்து வருவது தேவகோட்டை ரஸ்தா.
ரஸ்தா என்றால் சாலை.
ஊர் இங்கே இல்லை, ஊருக்குப் போகும் சாலைதான் இருக்கிறது என்று
இவ்வளவு நாணயமாகச் சொல்லும் ஸ்டேஷனை
நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தேவகோட்டையில் பதினொன்றே காலுக்கு டவுன் பஸ்.
கண்டக்டர் ராயப்பனிடம் ஆற்றுப்பாலம் என்று டிக்கெட் கேட்காதீர்கள்.
எந்த ஆறு என்பார்.
கேலி இல்லை, நிஜமாகவே கேட்பார்.
அளவுகோல் ஸ்டாப் என்று சொல்லுங்கள்.

வழியில், ஒரு தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடியும் பூட்டிய வீடுகள் வரும்.
கதவுகளை எல்லோரும் பார்ப்பார்கள்;
நீங்கள் கூரைகளைப் பாருங்கள்.
முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும்.
பெய்வதில் ஒரு சொட்டையும் தெருவுக்கு விடாமல் கட்டியவர்கள்.
பர்மா வரை போய்ப் பேரேடு எழுதியவர்கள்
இந்த ஆற்றின் பேரில்
காலணா வரவு வைக்கவில்லை.

பிறகு கருவை.
கருவை முடிந்ததும் கருவை.
நடுவில் கரிமூட்டப் புகை.
மண் சட்டென்று வெளுத்து, லாரித்தடம் குறுக்கே ஓடும் இடத்தில்
இறங்கிவிடுங்கள். அதுதான் ஆறு.

பாலத்தின் மூன்றாம் தூணில் அளவுகோல்.
காலை எட்டு மணிக்குப் பார்த்து எழுத வேண்டும்.
பையன்களுக்கு அதுதான் ஸ்டம்பு. விரட்டாதீர்கள்.
பந்து பட்டுப் பட்டு
ஒரு மீட்டர் வரை பெயின்ட் உதிர்ந்திருக்கும்.

ரிஜிஸ்டரில் ஒன்பது வருஷமாக என் எழுத்து.
சுழி. சுழி. சுழி.
ஆற்றின் பேரிலேயே விடை இருக்கிறதே என்று
ஒருநாள் தனியாகச் சிரித்தேன்.
அப்புறம் ஒரு பழக்கம் வந்தது
(இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், பஸ் நேரம் சொல்ல அல்ல).
ஒன்றாம் தேதியே முப்பது சுழியும் போட்டுவிட்டு
சைக்கிளைத் திருப்பிவிடுவேன்.

போன கார்த்திகையில்
கொழுந்தியாள் வளைகாப்புக்குப் பரமக்குடி போய்வந்தேன்.
ராயப்பன்தான் சொன்னார்:
"நேத்து ராத்திரி தண்ணி போச்சுண்ணே, நாலு மணி நேரம்.
கடைசி பஸ்ஸ நிறுத்திப்புட்டு எல்லாரும் எறங்கிப் பாத்தோம்.
ஒரு புள்ள அழுதுருச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தேன்.
தூணில் என் நெஞ்சு மட்டத்துக்கு ஒரு ஈரக்கோடு,
மேலிருந்து காய்ந்துகொண்டு வந்தது.
கருவை முள்ளில் யாருடையதோ செருப்பு.
ரிஜிஸ்டரில் அந்தத் தேதிக் கட்டத்தில்
என் கையெழுத்தில், வட்டம் கோணாமல்,
சுழி.

அதை அடிக்கவில்லை. அடித்தால் ஏன் என்பார்கள்.
சிவகங்கை ஆபீசைப் பொறுத்தவரை,
அதற்கு மேலே இருப்பவர்களைப் பொறுத்தவரையும்,
அன்றைக்கு ஆறு வரவில்லை.
பார்த்தவர்கள் பதினேழு பேர், டிக்கெட் கணக்குப்படி.

குடை கொண்டு வாருங்கள். தண்ணீர் இரண்டு பாட்டில்.
டீக்கடைக்கு ஒரு மைல் நடக்க வேண்டும்.
சாவி ராயப்பனிடம் இருக்கிறது.
இந்த மாதம் ஏழாம் தேதியோடு நிறுத்தியிருக்கிறேன்.
எட்டாவது கட்டம் காலி.

இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.
பஸ் திரும்பி வர மூன்றரை ஆகும்,
நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஆ. வெள்ளைக்கண்ணு