இருபதாவது கிலோமீட்டர்

முதலில் நெடிதான்.
ஆர்யெப்லோக் ஊரை விட்டு இருபதாவது கிலோமீட்டரில்
ஹீட்டர் துவாரம் வழியே
எண்ணெய் கருகும் நெடி.
பிறகு பின்கண்ணாடியில்
எனக்கும் சாலைக்கும் நடுவே நீலமாய் ஒரு திரை.
நேற்றுவரை ஒரு சொட்டு எண்ணெய் குடித்ததில்லை
என் பழைய வோல்வோ.

ஓரம் கட்டி பானெட்டைத் தூக்கினேன்.
எண்ணெய் அளக்கும் கம்பி
குழாயை விட்டு ஒரு சாண் எழும்பி
யார் வந்திருக்கிறார்கள் என்று
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
சுற்றிலும் கறுப்பாய்த் துப்பல்.
குளிர் மைனஸ் இருபத்தாறு.

இங்மார் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை:
"டர்போ போச்சு, டீசா.
இவ்வளவு பெரிசு வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன்.
பதினோராயிரம் குரோனர் எடுத்து வை."
அன்றைக்கு அவர் சொன்னது
"இன்னும் கொஞ்சம் பெரிசாகப் போடலாம்."

இரவு முழுக்க அவர் பட்டறையின் கதகதப்பில் நின்றது கார்.
காலையில் டர்போவின் விசிறியை விரலால் சுண்டினேன்.
ஆட்டமில்லை, உரசலில்லை,
தூங்கும் பூனையின் மூச்சாகச் சுற்றி நின்றது.
கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் ஒரே எண்.
பிளக்குகள் பிஸ்கட் நிறம்.
ஓடவிட்டோம்:
புகையில்லை. நெடியில்லை.
பல் டாக்டர் வாசலில் நின்றுபோகும் பல்வலி மாதிரி
நல்ல பிள்ளையாய் உறுமியது.
"உன்னை நம்புகிறேன்" என்றார் இங்மார்,
நம்பாதவர்களுக்கென்றே இருக்கும் குரலில்.

மறுநாளும் சாலை.
பதினெட்டு, பத்தொன்பது,
நெடி.
மறுநாளும் பட்டறை, மறுநாளும் நல்ல பிள்ளை.

வீடு வீடாய்ப் போய் நோயாளிகளைப் பார்ப்பது என் வேலை.
மூன்றாம் நாள் கடைசி வீடு ஹெனிங்குடையது,
பனி ஸ்கூட்டரில் கால் முறித்துக்கொண்டவன்.
கட்டை அவிழ்த்தபடி கேட்டேன்:
"வலி எப்போது வருகிறது?"
"நீ போன பிறகு.
நீ இருக்கும்போது வந்தால்தான் காட்டிவிடுவேனே."

கையுறைகளைக் கழற்றி எறிந்தேன்.
பெட்டியிலிருந்து புதிதாய் ஒன்றை எடுத்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

இருபதாவது கிலோமீட்டர்.
எஞ்சினை அணைக்கவில்லை.
எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து
அந்த வாயில் நீலக் கையுறையை மாட்டினேன்.
மூச்சுக்குழாய் திறந்திருந்தால்
எஞ்சின் அதை உள்ளே உறிஞ்ச வேண்டும்.

தயங்கியது.
கட்டைவிரல் முதலில் எழுந்தது.
பிறகு சுண்டுவிரல்.
பிறகு ஐந்தும் விறைத்து நின்று
துடிப்புக்குத் துடிப்பு ஆடி
எனக்குக் கையசைத்தது.

குளிரில் ஓட்டிப் பார்க்க இங்கே கொண்டுவரும்
புதுக் கார்கள் இரண்டு,
கறுப்பு வெள்ளைக் கோடுகளால் முகம் மறைத்து,
வேகம் குறைத்துக் கடந்தன.
ஒரு டிரைவர் பதிலுக்குக் கையசைத்தான்.

மூச்சுக் குழாயின் மறுமுனை
முன்விளக்கருகே,
எதிர்காற்று நேராய் அறையும் இடத்தில்,
பளபளக்கும் அலுமினியக் குப்பியில் முடிகிறது.
ஜூலையில் மாட்டியது.
மாட்டியது நான்.
படம் எடுத்துத் தெரு முழுக்கக் காட்டியதும் நான்.
எஞ்சின் விடும் மூச்சிலும் ஈரம் உண்டென்று
ஜூலையில் யாருக்குத் தோன்றும்?

குழாயை உருவித் தட்டினேன்.
பால் கலந்த காபி நிறத்தில்
கட்டைவிரல் பருமனுக்கு
ஒரு பனிக்கட்டி உள்ளங்கையில் விழுந்தது.

சாப்பாட்டு டப்பாவில் அதை வைத்தேன்.
ஹீட்டரை அணைத்தேன்.
ஜன்னல்கள் நாலையும் இறக்கிவிட்டு
பல் கிட்டிக்கக் கிட்டிக்க
இருபது கிலோமீட்டர் திரும்பி ஓட்டினேன்,
அது உருகிவிடக் கூடாதென்று.

இங்மார் டப்பாவைத் திறந்து
வெகுநேரம் பார்த்தார்.
ஒரு துளி விளிம்பில் திரண்டு இறங்கியது.
டர்போவைப் பற்றி அவர் பேசவில்லை.
குப்பியைப் பற்றி நானும்.